தாலி எடுத்துக் கொடுத்தவரின் வழக்கு

"உங்க பேர் என்னங்க?"

என் மனைவி இப்படிக் கேட்டதும் நீதிமன்றமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கூண்டில் நின்றவர் இருபது வருடம் இந்த மாநிலத்தை ஆண்டவர். அவர் படம் போட்ட பையில்தான் ஒரு தலைமுறையே புத்தகம் சுமந்தது. பேருந்தில் அவர், தண்ணீர் லாரியில் அவர், பிறந்த குழந்தைக்கு அரசாங்கம் கொடுத்த தொட்டில் துணியில்கூட அவர். அவரைப் பார்த்துப் பேர் என்ன என்று கேட்கிறாள் இவள்.

இதை நான் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். இந்த வழக்கில் நீதிபதியின் குடும்பத்தார் நீதிமன்ற வாசலை மிதிக்கக்கூடாது என்று விதி. நான் ஜோயல், பி.டி. மாஸ்டர். விசில் ஊதத் தெரியும், சட்டம் தெரியாது. வீட்டில் சட்டம் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அது போதும் என்று வாழ்ந்தவன்.

"பரிதிவாணன்" என்றார் அவர்.

"அப்பா பேரு?"

"சோமசுந்தரம்."

"என்ன தொழில்?"

"இப்ப ஒண்ணும் இல்லம்மா."

பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் குடித்த டீயைத் துப்பிவிட்டார். "உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சழுத்தம் சார். தலைவரையே நக்கல் பண்றாங்க" என்றார்.

நக்கல் இல்லை. கனிஷ்காவுக்கு அன்றைக்கு உண்மையிலேயே அவரைத் தெரியாது.

மூன்று வருடம் முன்னால் பெரும்புயல் வந்தபோது தலைநகரத்துக் கடல்சுவரின் கதவுகளை மூடச் சொல்லி முதலமைச்சர் உத்தரவு போட்டார். மூடிய கதவுக்கு வெளியே மணற்குப்பத்து ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். நகரம் பிழைத்தது, குப்பம் போனது. வெளியே ஆள் இருப்பது தனக்குத் தெரியாது என்று அவர் அறிக்கை விட்டார். யாரும் நம்பவில்லை. ஊர் கொதித்தது, அவருடைய சட்டமன்ற உறுப்பினர்களே கட்சி தாவினார்கள், ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக வந்தவர்கள் செய்த முதல் வேலை அவர் மேல் கொலை வழக்குப் போட்டதுதான்.

வழக்கைப் போடுவது சுலபம். யார் விசாரிப்பது?

கனிஷ்கா தன் பெயரைக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ ஜட்ஜ் இருக்காங்க. உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றேன்.

"யாரு இருக்கா, சொல்லு. பாதிப் பேர அந்த நாற்காலில உக்கார வச்சதே அவருதான். மீதிப் பேரத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தினதும் அவருதான். இந்த மாநிலத்துல அவரால நல்லதோ கெட்டதோ நடக்காத ஒரு ஜட்ஜக் காட்டு பாப்போம்."

"வெளி மாநிலத்துல இருந்து கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா, எங்க ஊரு ஆள வேத்தூர்க்காரன் தண்டிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் கொடி பிடிப்பான். அதுக்குத்தான் திரை போடலாம்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க."

திரை என்பது காதுக்குப் பின்னால் ஒட்டவைக்கிற ஒரு சில்லு. நெற்றிப் பொட்டைவிடப் பெரிது இல்லை. ஒரே ஒரு ஆளை மட்டும் மனதிலிருந்து மறைத்துவிடும். அவருடைய முகம், குரல், பெயர், அவரை ஒட்டிக் கிடக்கிற எல்லா ஞாபகத்தின் மேலும் ஒரு போர்வை விழுந்துவிடும். அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் புதிதாகப் பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான் மனதில் நிற்கும். விபத்தில் சிக்கிப் பயத்திலேயே வாழ்கிறவர்களுக்காக வந்த வைத்தியம் அது. நம்முடைய ஆட்கள் அதை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

"கனி, அவரு நமக்கு யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கு. அதனாலதான் போறேன்."

எங்கள் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டில் சாதி பார்ப்பார்கள். எங்கள் வீடோ வேதக்கார வீடு. காதல் தெரிந்ததும் அவளுடைய மாமன்மார் இரண்டு பேர் அரிவாளோடு எங்களைத் தேட ஆரம்பித்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால், "ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க" என்றார்கள். அப்போது பரிதிவாணன் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ., அவ்வளவுதான். கட்சி அலுவலகத்தில் போய் விழுந்தோம். மறுநாள் காலையில் அங்கேயே கல்யாணம். ஐயர் இல்லை, பாதிரியார் இல்லை. கட்சிக் கல்யாணங்களில் செய்வதுபோல் அவர் தாலியை எடுத்துக் கொடுத்தார், நான் கட்டினேன். அதற்கு முன்னால் வாசலில் வந்து நின்ற மாமன்மாரை அவரே இறங்கிப் போய்ச் சமாளித்தார். அன்றைக்கு அவர் வரவில்லை என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நாங்கள் பல் துலக்குவதும் சண்டை போடுவதும் சேர்ந்து டீ குடிப்பதும் அந்த மனிதர் போட்ட பிச்சை.

"நன்றின்னு ஒண்ணு இருந்தா விட்டுடணும் கனி. விசாரிக்கப் போறேங்கிற" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவர விட்டுடறதுக்கு ஆள் இருக்கு. தூக்குல போடறதுக்கும் ஆள் இருக்கு. அவரு சொல்றத உக்காந்து கேக்கத்தான் ஒரு ஆள் இல்ல. அவருக்குத் திருப்பிக் குடுக்க என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான் ஜோ."

பீன்ஸை நான் வாங்கி நறுக்கினேன்.

அவளுக்குத் திரை போட்ட அன்று நான் வீட்டில் மிக்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மிக்சி, மின்விசிறி, மேசை விளக்கு எல்லாம் இலவசத் திட்டத்தில் வந்தவை, எல்லாவற்றிலும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். மிக்சியில் இருந்தவர் லேசில் போகவில்லை. மூக்கு மட்டும் கடைசிவரை நின்றது, அதன் மேல் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டினேன். கல்யாணப் போட்டோக்களை என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். வழக்கு முடிகிறவரை அவளிடம் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். வாயை வைத்துப் பிழைக்கிற பி.டி. மாஸ்டருக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

திரையோடு வந்தவள் அதே கனிஷ்காதான். அதே பசி, அதே கோபம், துண்டை ஈரமாகக் கட்டிலில் போட்டால் அதே வசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நம்ம கல்யாணம் எங்க நடந்துச்சு ஜோ?"

நான் இட்லியைச் சட்னியில் புரட்டினேன். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றேன்.

என்னையே பார்த்தாள். இருபத்தைந்து வருடமாகச் சாட்சிகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவள். "சரி, புரிஞ்சுது. அந்தாளு அங்க இருந்திருக்காரு. வாழ்த்த வந்தாரா, வெட்ட வந்தாரான்னு சொல்லிடாத."

"சொல்லல."

"மூஞ்சியிலயும் சொல்லாத. அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடு."

நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், எங்கள் கல்யாணம் அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம்தானே, வழக்கு முடிந்ததும் சில்லை எடுத்துவிடுவார்கள், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வழக்கு முடிந்தால்தானே?

தலைவருக்கு வக்கீல் சுகவனம். வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் வயிற்றுவலி. ஒரு நாள் ஜூனியருக்கு நிச்சயதார்த்தம். ஒரு நாள் சாட்சிக்குக் காது கேட்கும் கருவி பழுது. இன்னொரு நாள் தலைவருக்கு மனநிலை சரியில்லை. தனக்குச் சந்திராஷ்டமம் என்று மட்டும்தான் மனுப் போடவில்லை. கனிஷ்கா ஒன்றை மறுத்தால் மேல் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி வருவார். மறுபடி தேதி, மறுபடி வாய்தா.

ஒரு நாள் மத்தியானம் டாக்டர் அனீஸ் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கே வந்துவிட்டார். கனிஷ்காவுக்குத் திரை போட்டவர் அவர்தான். பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பேசினோம்.

"சார், ஆறு மாசம் முடியப் போவுது. அதுக்குள்ள சில்ல எடுத்தாத்தான் பழைய ஞாபகம் வரும். தாண்டிட்டா, மூடினது மூடினதுதான். அப்புறம் எடுத்தாலும் உள்ள ஒண்ணும் இருக்காது."

"இத முதல்லயே யோசிக்க மாட்டீங்களா டாக்டர்?"

"யோசிச்சோமே. வெளிநாட்டுல தினமும் விசாரணை நடந்து மூணு மாசத்துல கேஸு முடியுது. நாம தாராளமா ஆறுன்னு வச்சோம். நம்ம ஊர் வாய்தாவ ஒருத்தரும் நெனச்சுப் பாக்கல" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு விசிலை அவர் காதில் வைத்து ஊதியிருக்கலாம்.

"வக்கீல் சுகவனம் நெனச்சுப் பாத்திருக்காரு போல."

"அவருக்கு அதான் சார் வேணும். ஆறு மாசம் முடிஞ்சு அம்மா விலகிட்டா, வேற ஜட்ஜு, வேற திரை, முதல் சாட்சியில இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். அவருக்கோ எழுபத்தெட்டு வயசு. ஜாமீன்ல வீட்டுல இருந்தே காலத்த ஓட்டிடலாம்."

"அப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?"

"ரெண்டு வழி. இப்பவே சில்ல எடுத்துடலாம், அம்மாவுக்கு எல்லாம் திரும்ப வந்துடும், கேஸு போயிடும். இல்ல, கேஸு முடியற வரைக்கும் வச்சுக்கலாம், ஞாபகம் போயிடும். வச்சுக்கணும்னா அவங்க மட்டும் சம்மதிச்சாப் பத்தாது, நீங்களும் சம்மதிக்கணும். போகப்போறது ஒரு கல்யாணம். அதுல உங்களுக்கும் பாதி இருக்குல்ல?"

அவர் போன பிறகு நான் விசில் ஊதவே மறந்து நின்றேன். என் நிலைமையைப் பாருங்கள். வேண்டாம் என்று நான் ஒரு தலையாட்டு ஆட்டினால் என் கல்யாணம் திரும்பக் கிடைக்கும். எங்களை வாழவைத்த மனிதரும் வீட்டிலேயே நிம்மதியாகக் கண்ணை மூடுவார். அவருக்கு நன்றி செலுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் உடம்பை நினைத்துச் செய்தேன் என்று சொன்னால் ஊரே ஆமாம் என்று சொல்லும்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களில் ஸ்டெல்லா இருந்தாள். எங்கள் பெண்கள் அணிக் கேப்டனுடைய அம்மா. மணற்குப்பத்துக்காரி. புயலன்று பிள்ளையோடு நகரத்துக்குள் மீன் விற்க வந்ததால் பிழைத்தாள். வலையை எடுக்கப் போன அவள் புருஷன் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். இந்த வழக்கைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே கிடையாது. அன்றைக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கிட்டே வந்தாள்.

"சார், இந்த ஜட்ஜம்மாவும் மாறிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

"தெரியலம்மா."

"அவரத் தூக்குல போடுங்கன்னு நான் கேக்கல சார். அவரு ஆட்சியிலதான் எனக்கு ஆஸ்பத்திரியில பிரசவமாச்சு, அதையும் மறக்கல. ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் போயி, மறுபடி மொதல்ல இருந்து எம் புருஷன் செத்தத நான் சொல்லணுமா? ஒரு தடவ சொல்லி முடிச்சுட்டேன் சார். இன்னொரு தடவ என்னால ஆவாது."

பிள்ளையின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கனிஷ்காவிடம் சொன்னேன். விவரம் சொல்லக்கூடாது. இன்னும் வைத்திருந்தால் சில ஞாபகங்கள் திரும்பி வராது என்று மட்டும் சொல்லலாம். டாக்டர் அவளிடமும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.

"போகப்போறது என்னன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"ரொம்பப் பெருசா?"

"ம்."

"உனக்கு அது வேணுமா ஜோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது பி.டி. மாஸ்டர், ஆறடி ஆள், சமையலறையில் நின்று அழுதேன். "வேணும் கனி. உன்கூட உக்காந்து பேசறதுக்கு அது எனக்கு வேணும். நான் ஒருத்தனே அத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "உனக்கு ஞாபகம் இருக்குல்ல? போதும். வீட்டுல ஒருத்தருக்கு ஞாபகம் இருந்தாப் போதும். கேஸு கட்டு ஒவ்வொண்ணையும் நான் ஞாபகம் வச்சுக்கறேன், கேஸ் சிலிண்டர் எப்ப மாத்தினோம்னு நீ ஞாபகம் வச்சுக்கற இல்ல? அந்த மாதிரி."

மறுநாள் டாக்டரிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடித்தபோது ஒரே ஒரு ஆறுதல்தான் மனதில் இருந்தது. அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நாங்கள் மூன்று பேர். மாமன்மார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கட்சி அலுவலகத்து ஆட்கள் எங்கெங்கோ. ஆனால் தாலியை எடுத்துக் கொடுத்தவர் இருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் இவளை அவரிடம் கூட்டிப்போவேன். நான் சொன்னால் புருஷன் அளக்கிறான் என்பாள். அவர் வாயால் சொன்னால் நம்புவாள். இப்படி நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதம் தாண்டியும் நீதிபதி மாறவில்லை என்றதும் சுகவனத்துக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. வழக்கு ஓட ஆரம்பித்தது.

சாட்சிகள் எல்லாரும் பேசி முடித்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதியே நேரடியாகக் கேள்வி கேட்கிற கட்டம் ஒன்று உண்டு. வழக்கமாக வக்கீல் எழுதிக் கொடுத்த பதிலை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கும் சுகவனம் தாளை நீட்டினார். கனிஷ்கா அதை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"இத வீட்டுல படிச்சுக்கறேன். பரிதிவாணன், நான் உங்களத்தான் கேக்கறேன். கதவ மூடச் சொன்னப்போ வெளியில ஆளுங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சுகவனம் எழுந்தார். கிழவர் கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னார்.

"தெரியும்மா."

"பொறுத்திருக்க முடியாதா?"

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்னு இன்ஜினியர் சொன்னாரு. எனக்குப் பயம். தண்ணி உள்ள வந்துட்டா நகரமே போயிடுமேன்னு பயம். மூடச் சொல்லிட்டேன். மூடினது தப்பா சரியான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா ஆளு இருந்தது தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். ஒரு தடவ சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல."

"மூணு வருசமா யாருமே உங்ககிட்ட இதக் கேக்கலையா?"

"கும்புட்டாங்கம்மா. காறித் துப்பினாங்க. கேக்கல யாரும்."

தீர்ப்பு வந்தது. கொலை இல்லை என்றாள். கொல்ல வேண்டும் என்று நினைத்து அவர் செய்யவில்லை, பயத்தில் செய்தார். ஆனால் பொறுத்திருக்க நேரம் இருந்தும் பொறுக்காமல் உயிர்களைப் போகவிட்டார், அதை மறைத்தார். ஏழு வருடச் சிறை. தூக்குக் கேட்ட ஆளுங்கட்சிக்காரன் அவளைத் திட்டினான். விடுதலை கேட்ட எதிர்க்கட்சிக்காரனும் திட்டினான். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே தெருமுனையில் நின்று திட்டியதைப் பார்த்ததும் தீர்ப்பு சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஸ்டெல்லா ஒரு பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். தீர்ப்புச் சொன்ன வீட்டில் அதை வாங்கக்கூடாது என்று எவ்வளவோ சொல்லித் திருப்பி அனுப்பினேன். "அப்ப அம்மாகிட்ட நன்றின்னாவது சொல்லுங்க சார். முடிஞ்சிருச்சுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை மட்டும் வாங்கி வந்து கனிஷ்காவிடம் கொடுத்தேன்.

சில்லை எடுத்தார்கள். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. போட்டோக்களைத் தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினேன். "இந்தப் பொண்ணு நல்லாருக்கா" என்றாள், அடுத்த வீட்டு ஆல்பத்தைப் பார்ப்பதுபோல். நான் போட்டோக்களை அடுக்கி அலமாரியில் வைத்தேன்.

மேல்முறையீட்டிலும் தண்டனை நின்றது. இரண்டு வருடம் கழித்துக் கனிஷ்கா ஓய்வு பெற்றாள். அடுத்த வாரமே அவளை மத்திய சிறைக்குக் கூட்டிப்போனேன். எங்கே போகிறோம் என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை.

பார்வையாளர் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், மூலையில் ஒரு வார்டர். தலைவர் கைத்தடி ஊன்றி வந்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. கனிஷ்காவைப் பார்த்ததும் கைகூப்பினார். அவளும் எழுந்து கும்பிட்டாள்.

"ஜட்ஜம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்யா. உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நேரத்துக்குச் சோறு வருது. மொத நாளு எம் பேரு என்னன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, எம் பேர நானே சொல்லி எத்தனையோ வருசம் ஆயிருந்துச்சும்மா. பேரக் கேட்டவங்க மத்ததையும் கேப்பாங்கன்னு தோணிருச்சு. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

இதுதான் சமயம் என்று நான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஐயா, நாங்கதான் உங்களுக்குச் சொல்லணும். எங்க கல்யாணத்த நடத்தி வச்சதே நீங்கதான். இவளுக்கு அந்தத் திரையில எல்லாம் போயிடுச்சு. நான் சொன்னா அளக்கறேன்னு சொல்லுவா. நீங்க உங்க வாயால சொல்லணும்யா, அதுக்குத்தான் வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எந்த ஊருல தம்பி?"

சொன்னேன்.

"எந்த வருசம்?"

அதையும் சொன்னேன். "மாமன்காரங்க அரிவாளோட வந்து நின்னாங்களே ஐயா."

"அரிவாளோட ஆளு வராத கல்யாணம் எத்தனை தம்பி நான் பண்ணி வச்சேன்?" என்று மெதுவாகச் சிரித்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "மன்னிச்சுக்கப்பா. ஒரு முகூர்த்த நாளுல நாலு ஊரு ஓடுவேன். தாலிய எடுத்துக் குடுப்பேன், அடுத்த ஊருக்குக் கார் ஏறுவேன். ஞாபகம் இல்ல."

அடப்பாவி மனுஷா! உமக்குத் துரோகம் செய்கிறேனே என்று நான் எத்தனை மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன். தீர்ப்புச் சொன்னவளுக்கு உம்மைத் தெரியாது, உமக்கு எங்களைத் தெரியாது. அந்த நீதிமன்றத்தில் எங்கள் கல்யாணம் யார் மனதிலுமே இல்லையா? நான் ஒருத்தன்தான் இத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனா?

முதலில் சிரித்தது கனிஷ்கா. "ஐயா, பொண்ணுக்கும் தெரியல, தலைமை தாங்கினவருக்கும் தெரியல. நல்ல கல்யாணம் பண்ணிக்கிட்டேன் ஜோ உன்ன." வார்டர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்தபோது எனக்கு அவர் மேல் இருந்த நன்றி இன்னும் கூடியிருந்தது. செய்ததை அவர் நினைத்துக்கொண்டே இருந்திருந்தால், கூண்டில் நின்று, இவளை வாழவைத்தவன் நான் என்று ஒரு நாளாவது பார்த்திருப்பார். அந்த மனிதர் எங்களுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கார் ஏறிவிட்டார்.

தலைவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "மணற்குப்பத்துல போனவங்க பேரு எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. கோர்ட்டுல ஒவ்வொண்ணாப் படிச்சாங்கள்ல, அப்படியே நின்னுருச்சு. இங்க உக்காந்தா அதுதான் வருது, வேற ஒண்ணும் வரமாட்டேங்குது. நான் நல்லதும் செஞ்சிருக்கேன்னு நீ சொல்ற. சொல்லு, கேக்கறேன். அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்?"

கனிஷ்காவும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்ணும், தாலி எடுத்துக் கொடுத்தவரும், கதை கேட்கிற பிள்ளைகள் மாதிரி என் வாயைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நீங்க லேட்டு" என்று ஆரம்பித்தேன். "ஒம்பது மணிக்கு வரேன்னு சொல்லிட்டுப் பதினொண்ணுக்கு வந்தீங்க. வந்தும் தாலிய எடுக்கல, மைக்க எடுத்தீங்க. பெண்விடுதலை, மொழி, காவேரித் தண்ணி, எல்லாம் பேசினீங்க. கனிக்குப் பசி மயக்கம். என் காதுல, 'எங்க மாமா வெட்டறதுக்குள்ள இவரு முடிப்பாரா?'ன்னு கேட்டா."

"நானா கேட்டேன்?" என்றாள் அவள்.

"அவ்வளவு நேரமா பேசினேன்?" என்றார் அவர்.

"பேசினீங்க. நடுவுல வாசல்ல சத்தம். பெரிய மாமா அரிவாளோட நிக்கறாரு, பின்னால சின்ன மாமா. கூட்டம் மொத்தமும் பின்னால ஒதுங்குது. நீங்க மைக்க வச்சீங்க, எறங்கிப் போனீங்க. அவரு கையப் பிடிச்சுக்கிட்டு, 'சம்பந்தி, வெயில்ல நிக்காதீங்க, உங்களுக்காகத்தான் தாலிய வச்சுக்கிட்டு நேரத்த ஓட்டிட்டு இருக்கேன்'னு சொன்னீங்க. மனுஷன் அப்படியே நின்னுட்டாரு. அரிவாள என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல."

வார்டர் மணியைப் பார்த்தார். "டைம் ஆச்சு சார்" என்று சொல்ல வந்தவர், பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். "சீக்கிரம் முடிங்க. அரிவாள என்ன பண்ணாரு?"

"அப்புறம்?" என்றாள் கனிஷ்கா.

"அப்புறம் என்ன தம்பி ஆச்சு?" என்றார் தலைவர். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

"அப்புறம் அவர உள்ள கூட்டிட்டு வந்து முன் வரிசையில உக்கார வச்சீங்க" என்று நான் சொன்னேன். "அரிவாள வாங்கி, வாழைத்தார் வெட்டிட்டு இருந்த சமையக்காரர்கிட்டக் குடுத்தீங்க. அப்புறம்தான் தாலிய எடுத்தீங்க."